பழைய ஏடும் புதிய ஏடும்

மக்கள் கூடி வாழும் இடந்தோறும் பெயரேடு ஒன்று உண்டு. பள்ளியில் மாணவர் வருகைப் பதிவேடு உண்டு. சிற்றூரில் சிட்டா, அடங்கல் முதலிய நிலக் கணக்குகள் உண்டு. பங்கீட்டுக் கடையில் குடும்ப அட்டைப் பதிவு உண்டு. இன்னார் யாவர், எவ்விடத்தார், எதற்கு உரிமை உடையார் என்பனவற்றையெல்லாம் ஏடே எடுத்துரைக்கும். ஏடு பிழைபடின் உரிமையும் ஐயத்திற்கு உள்ளாகும். ஆதலின், ஏட்டை எழுதுவாரினும் அதனைக் காப்பாரே பெரும்பொறுப்பு உடையவர் எனலாம்.

குற்றால மலையின் அடிவாரத்தே, மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்க்குக் கிழக்கே அமைந்தது செங்கோட்டை. இவ்வூர் நெடுங்காலம் திருவிதாங்கூர் அரசின் ஆட்சியில் இருந்தது. 1956 ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபொழுது, அது சென்னை மாநிலத்தோடு இணைந்து, திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தது. பின்னர், 2019 நவம்பர் 22 இல் தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கப்பெற்றபொழுது, அம்மாவட்டத்தின் பகுதியாயிற்று. இவ்விரு மாற்றங்களின்போதும் ஊரார் தம் வீட்டை விட்டுப் பெயர்ந்திலர். வயலும் வரப்பும் இருந்த இடத்திலேயே இருந்தன. அவர்தம் கணக்கைக் காக்கும் அலுவலகமே மாறியது. ஏடு ஓரிடத்தினின்று மற்றோர் இடத்திற்குச் செல்லும்பொழுது, அதில் எழுதப்பெற்ற பெயரும் உரிமையும் சிறிதும் திரியாமல் சென்று சேரவேண்டும். அதுவே ஏடு மாற்றுதலின் முதற்கடமையாகும்.

இக்காலத்தில் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் கல்லூரிகளிலும் அத்தகைய ஏட்டைக் கணினியே காக்கின்றது. அதனை ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கும், பழைய இயங்குதளத்திலிருந்து புதிய இயங்குதளத்திற்கும் மாற்றும் முறையை இப்பாடத்தில் அறிவோம்.

கணினிப் பெயரேடு

இருநூறு ஊழியர் பணிபுரியும் மருத்துவமனை ஒன்றை எண்ணிப் பாருங்கள். அங்கே நூறு கணினிகள் உள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொரு கணினியிலும் இருநூறு பேரின் பெயரையும் கடவுச்சொல்லையும் தனித்தனியே எழுதி வைப்பதாயின், இருபதினாயிரம் பதிவுகள் வேண்டும். ஓர் ஊழியர் பணியினின்று விலகினால், நூறு கணினிகளிலும் அவர் பெயரை நீக்கவேண்டும். ஒன்றில் மறந்தாலும் அது திறந்து கிடக்கும் கதவே ஆகும். இவ்விடரைத் தவிர்த்தற்பொருட்டே, எல்லாப் பெயர்களையும் ஓரிடத்தில் வைத்துக் காக்கும் முறை எழுந்தது. இதனை டைரக்டரி என வழங்குவர். பெயரேடு என நாம் கூறலாம். அவ்வேட்டைத் தாங்கி, கேட்டவர்க்கு விடை கூறும் கணினியைச் சர்வர் என்பர். சேவையகம் என்னும் தமிழ்ப் பெயரும் அதற்கு வழங்குகின்றது.

காலையில் செவிலியர் ஒருவர் கணினியின் முன் அமர்ந்து தம் பெயரையும் கடவுச்சொல்லையும் இடுகின்றார். அக்கணினி உடனே பெயரேட்டுச் சேவையகத்தை வினவுகின்றது. 'இவர் நம்மவரே, மருந்துக் கணக்கைப் பார்க்கலாம், சம்பளக் கணக்கைப் பார்த்தல் ஆகாது' என்று சேவையகம் விடை தருகின்றது. இவ்வளவும் ஒரு நொடிப் பொழுதில் நிகழ்கின்றது. சேவையகம் வாளா இருப்பின் கணினிகள் நூறும் பூட்டிய அறைகள் போல் ஆகிவிடும். நோயாளி வாயிலில் நிற்பார். அவருடைய கணக்கைத் திறக்க ஒருவராலும் இயலாது. ஆதலின், கண்ணுக்குப் புலப்படாத இவ்வேடே நிறுவனத்தின் உயிர்நாடி என்பது மிகையன்று.

பெயரேட்டு முறைக்கு எக்ஸ்.500 என்னும் அனைத்துலக நெறி 1988 இல் வகுக்கப்பெற்றது. அது விரிந்தும் கடினமாகவும் இருந்தமையால், அமெரிக்காவிலுள்ள மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் எளிய நெறியொன்றை அமைத்தனர். 1993 இல் வெளியான அதற்கு எல்டாப் என்பது பெயர். மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 2000 என்னும் இயங்குதளத்தோடு ஆக்டிவ் டைரக்டரி என்னும் பெயரேட்டை 2000 ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஓப்பன் எல்டாப், சம்பா முதலியன யாவர்க்கும் கட்டணமின்றிக் கிடைக்கும் திறமூல மென்பொருள்கள். 2012 இல் வெளியான நான்காம் பதிப்பு முதலாகச் சம்பா ஆக்டிவ் டைரக்டரியின் பணியையும் செய்யவல்லதாயிற்று.

இத்துறைக்கும் நம் பகுதிக்கும் தொடர்பு உண்டு. 1996 இல் அட்வென்ட்நெட் என்னும் பெயரோடு தொடங்கிப் பின்னர் ஸோஹோ எனப் பெயர் பெற்ற நிறுவனம், 2011 இல் தென்காசிப் பகுதியில் தன் அலுவலகத்தை அமைத்தது. தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் இன்று அதன் வளாகம் உள்ளது. அந்நிறுவனத்தின் பிரிவாகிய மேனேஜ் என்ஜின், ஆக்டிவ் டைரக்டரியை மேற்பார்வையிடும் கருவிகளை ஆக்கி உலகின் பல நாடுகளுக்கும் வழங்குகின்றது. தேங்காயும் நெல்லும் விளையும் இந்நிலத்தில் இன்று மென்பொருளும் விளைகின்றது.

மாற்றம் ஏன் வேண்டும்?

'நன்றாக நடைபெறும் ஏட்டை ஏன் மாற்றவேண்டும்?' என்று சிலர் வினவுவர். நம் முன்னோர் பனையோலையில் நூல்களை எழுதி வைத்தனர். ஓலையைச் செல் அரிக்கும், ஈரம் கெடுக்கும், காலம் முறிக்கும். ஆதலின், பழைய ஓலை முறியுமுன்னரே புதிய ஓலையில் படியெடுத்தனர். உரிய காலத்தில் படியெடுக்காத நூல்கள் பெயரளவில் மட்டுமே இன்று எஞ்சியுள்ளன. இழந்தபின் வருந்துதலால் அவற்றை மீட்க இயலுமோ?

இயங்குதளத்திற்கும் வாழ்நாள் உண்டு. அதனை ஆக்கிய நிறுவனம் குறிப்பிட்ட காலம் வரையில் அதன் குறைகளைக் கண்டு திருத்தங்களை வழங்கும். அக்காலம் கடந்தபின் கைவிடும். விண்டோஸ் சர்வர் 2003 க்கு அவ்வெல்லை 2015 ஜூலை 14. 2008 க்கும் 2008 ஆர்2 க்கும் 2020 ஜனவரி 14. 2012 க்கும் 2012 ஆர்2 க்கும் 2023 அக்டோபர் 10. 2016 க்கு 2027 ஜனவரி 12 என அறிவிக்கப்பட்டுள்ளது. எல்லை கடந்த நாளில் கணினி நின்றுவிடுவதில்லை, முன்போலவே இயங்கும். அதனாலேயே பலரும் ஏமாந்து போகின்றனர். அதன்பின் வெளிப்படும் குறைகளை அடைப்பார் இல்லை என்பதை அவர் எண்ணுவதில்லை.

இதற்குச் சான்று கூறுவோம். 2017 மே மாதத்தில் வான்னாகிரை என்னும் தீநிரல் உலகின் நூற்றைம்பது நாடுகளில் பரவியது. திருத்தம் பெறாத பழைய விண்டோஸ் கணினிகளையே அது பற்றியது. இங்கிலாந்து நாட்டின் பொது மருத்துவமனைகள் பலவற்றில் மருத்துவப் பணி தடைப்பட்டது. நோயாளர் திருப்பி அனுப்பப்பட்டனர். மீண்டும், 2020 இல் ஸீரோலோகன் என்னும் குறை வெளிப்பட்டது. அலுவலக வலைக்குள் நுழைந்த பகைவன் ஒருவன் கடவுச்சொல் அறியாமலேயே பெயரேட்டுச் சேவையகத்தைத் தன்வயமாக்கிக்கொள்ள அக்குறை வழிவிட்டது. அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் அதற்குத் திருத்தம் வந்தது. ஆனால், அவ்வாண்டு ஜனவரியிலேயே காலம் கடந்துவிட்ட 2008 ஆர்2 சேவையகங்களுள், மேலும் பொருள் கொடுத்துப் பாதுகாப்பு வேண்டியோருடையவற்றுக்கே அத்திருத்தம் வழங்கப்பெற்றது. ஏனையோர் வாயில் திறந்தபடியே கிடந்தது. பெயரேட்டைக் கவர்ந்தவன் எல்லாக் கதவுகளின் திறவுகோல்களையும் கவர்ந்தவன் ஆவான் அன்றோ!

இருவகை வழிகள்

ஏட்டை மாற்றுதற்கு இருவழிகள் உள்ளன. பழைய கணினியிலேயே புதிய இயங்குதளத்தை மேலேற்றுதல் ஒன்று. புதிய கணினியைப் பழையதன் பக்கத்தில் அமைத்து, ஏட்டைப் படியெடுத்து, பின்னர்ப் பழையதை விடுவித்தல் மற்றொன்று. முன்னது எளிதுபோல் தோன்றும். ஆயினும், இடையில் பிழை நேரின் பழையதும் இல்லை, புதியதும் இல்லை என்னும் நிலை வரும். பழைய கணினியின் குறைகளும் உடன் தொடரும். பின்னதையே அறிஞர் விரும்புவர்.

இவ்வேறுபாட்டை நம் ஊர் இருப்புப்பாதையைக் கொண்டு நன்கு உணரலாம். கொல்லத்திலிருந்து செங்கோட்டைக்கு மலையைக் குடைந்தும் பள்ளத்தில் பாலம் அமைத்தும் மீட்டர்பாதை இட்டனர். 1904 இல் அதில் வண்டி ஓடத் தொடங்கியது. கழுத்துருட்டியிலுள்ள பதின்மூன்று கண் பாலம் அப்பாதையின் அழகைக் காட்டும். அதனை அகலப்பாதை ஆக்கவேண்டி, 2010 செப்டம்பரில் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே போக்குவரத்தை நிறுத்தினர். பணி முடிந்து வண்டி மீண்டும் ஓடியது 2018 இல். ஒரே குகையிலும் ஒரே பாலத்திலும் பழைய பாதையும் புதிய பாதையும் அருகருகே அமைய இடம் இல்லை; ஆதலின் ஏழாண்டுகளுக்கு மேலாக மக்கள் பொறுத்திருக்க நேர்ந்தது. கணினிப் பெயரேட்டிற்கோ அத்தகைய இடர் இல்லை. பழையதும் புதியதும் ஒருங்கே நின்று ஒரே ஏட்டைக் காக்க இயலும். ஊழியர் ஒருவரும் அறியாதவாறே மாற்றத்தை முடிக்கலாம். இவ்வசதியைப் பயன்கொள்ளாமல், ஓர் இரவில் முடித்துவிடுவோம் என்று விரைதல் அறிவுடைமை ஆகாது.

ஆய்ந்தறிதல்

பணியைத் தொடங்குமுன் பழைய ஏட்டின் நிலையை ஆராய்தல் வேண்டும். எத்தனை சேவையகங்கள் ஏட்டைக் காக்கின்றன, அவை ஒன்றோடொன்று பிழையின்றி ஒத்துள்ளனவா, பிழைக் குறிப்புகள் உளவா என்று காணவேண்டும். நோயுற்ற ஏட்டைப் படியெடுத்தால் நோயும் உடன் படியும். டிசிடயாக், ரெப்அட்மின் என்னும் கருவிகள் இவ்வாய்விற்குத் துணை செய்வன.

அடுத்து, அச்சேவையகம் வேறு எப்பணிகளைச் செய்கின்றது என வினவவேண்டும். ஒரே கணினி பெயரேட்டைக் காப்பதோடு, மற்றக் கணினிகளுக்கு முகவரி வழங்குவதாகவும், அச்சுப்பொறிகளை ஆள்வதாகவும், மின்சான்றிதழ் அளிப்பதாகவும் இருத்தல் கூடும். மின்சான்றிதழ்ப் பணியை வேறிடத்திற்கு மாற்றாமல் அதன் ஏட்டுப் பணியை நீக்க இயலாது. இதனை முன்னரே அறியாதவர் நடுவழியில் நிற்க நேரும்.

மலையேறுவோர் படிப்படியாக ஏறுதல்போல, இங்கும் படிகள் உள. ஏடு எந்தப் பதிப்பின் தகுதியில் இயங்குகின்றது என்பதற்குச் செயல்நிலை என்று பெயர். 2024 நவம்பரில் வெளியான விண்டோஸ் சர்வர் 2025 ஐ ஏட்டுச் சேவையகமாகச் சேர்க்கவேண்டுமாயின், அச்செயல்நிலை 2016 க்குக் குறையாதிருத்தல் வேண்டும். 2012 ஆர்2 சேவையகம் ஒன்றேனும் ஏட்டைக் காத்துக்கொண்டிருக்குமாயின், செயல்நிலையை 2016 க்கு உயர்த்த இயலாது. ஆகவே, அத்தகையோர் முதலில் 2016, 2019, 2022 ஆகியவற்றுள் ஒன்றனுக்கு ஏறி, பழையதை விடுவித்து, செயல்நிலையை உயர்த்தி, அதன் பின்னரே 2025 க்குச் செல்லவேண்டும். மேலும், கொள்கைக் கோப்புகளைச் சேவையகங்களிடையே பரப்புதற்கு முற்காலத்தில் எஃப்.ஆர்.எஸ். என்னும் முறை இருந்தது. 2019 முதலிய பிற்பதிப்புகள் அதனை ஏலா. ஆதலின் டி.எஃப்.எஸ்.ஆர். என்னும் முறைக்கு முன்னரே மாறிக்கொள்ளல் வேண்டும்.

காப்புப்படி

ஆய்வு முடிந்தபின், காப்புப்படி எடுத்து வைத்தல் வேண்டும். எடுத்து வைத்தலோடு அமையாது, அதனை வேறொரு கணினியில் மீட்டும் பார்த்தல் வேண்டும். மீட்டுப் பாராத காப்புப்படி, திறந்து பாராத பொதி போன்றது.

காப்புப்படிக்கும் வயது உண்டு. ஏட்டில் ஒரு பெயரை நீக்கினால், 'நீக்கப்பட்டது' என்னும் குறிப்போடு அது சில காலம் இருக்கும். எல்லாச் சேவையகங்களும் அந்நீக்கத்தை அறிந்துகொள்வதற்காகவே அவ்வாறு வைக்கின்றனர். அக்காலம் இப்பொழுது இயல்பாக 180 நாட்கள். அதனினும் பழைய காப்புப்படியை மீட்டால், நீக்கிய பெயர்கள் மீண்டும் உயிர்பெற்று உலவும். பணியினின்று நீக்கப்பட்டவர் உரிமையும் திரும்பும். ஆதலின் அவ்வயது கடந்த படியைப் பயன்படுத்தல் ஆகாது.

இன்னொரு தவறும் உண்டு. மெய்நிகர்க் கணினியில் இயங்கும் சேவையகத்தின் ஒருநாள் நிலையை அப்படியே பிடித்து வைத்து, பிழை நேர்ந்தபொழுது அந்நிலைக்குத் திரும்புவர் சிலர். ஏட்டில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்திற்கும் தொடர்எண் உண்டு. ஒரு சேவையகம் 5000 வரையில் எண்ணிட்டுவிட்டது. மற்றச் சேவையகங்களும் அதனை அறிந்துள்ளன. அதனை 4000 ஆம் எண்ணின் நிலைக்குப் பின்தள்ளினால், அது மீண்டும் 4001 முதல் எண்ணிடத் தொடங்கும். மற்றவையோ, '5000 வரையில் யாம் அறிந்தனவே' என்று அப்புதிய மாற்றங்களைப் புறக்கணிக்கும். ஓர் ஊழியரின் பெயர் ஓர் ஏட்டில் இருக்க, மற்றோர் ஏட்டில் இராது. இத்தகைய பிழை நெடுநாள் புலப்படாமல் இருந்து கெடுக்கும். 2012 ஆம் பதிப்பு முதலாக இதற்குக் காவல் அமைத்துள்ளனர். எனினும், அறிந்து விலகுதலே நன்று.

படியெடுத்தலும் பொறுப்பு மாற்றுதலும்

இவையெல்லாம் அமைந்தபின், புதிய கணினியில் புதிய இயங்குதளத்தை நிறுவி, அதனைப் பழைய ஏட்டின் ஆட்சிக்குள் சேர்க்கவேண்டும். பின்னர் அதனையும் ஏட்டுச் சேவையகமாக உயர்த்தவேண்டும். அவ்வாறு உயர்த்தும்பொழுது, ஏட்டின் பத்தி அமைப்பு புதிய பதிப்பிற்கு ஏற்ப விரிவடைகின்றது. விரிந்த அமைப்பைச் சுருக்க வழியில்லை. ஆதலாலேயே காப்புப்படியை முதற்கண் வைத்தோம்.

உயர்த்தியபின் பழைய ஏட்டின் பதிவுகள் யாவும் புதியதற்குப் படியாகச் செல்லும். கடவுச்சொற்களும், மூலம் புலப்படாதவாறு மாற்றப்பெற்ற வடிவிலேயே, உடன் செல்லும். ஊழியர் புதிய கடவுச்சொல் இடவேண்டுவதில்லை. ஏடு படியெடுத்தோர் ஒருவர் படிக்க மற்றொருவர் ஒப்புநோக்கிச் சரிபார்த்ததுபோல, இங்கும் இரண்டையும் ஒப்புநோக்குதல் வேண்டும். பெயர்களின் தொகை ஒத்துள்ளதா, சிஸ்வால் என்னும் கொள்கைக் கோப்புறை வந்து சேர்ந்ததா என்று காணாமல் அடுத்த அடி வைத்தல் கூடாது.

ஏட்டுச் சேவையகங்கள் பலவாயினும், ஐந்து பொறுப்புகளுள் ஒவ்வொன்றையும் ஒரு சேவையகமே ஏற்றல் வேண்டும். ஏட்டின் அமைப்பைக் காத்தல், ஆட்சிப் பகுதிகளின் பெயரைக் காத்தல், அடையாள எண்களைப் பகிர்ந்தளித்தல், கடவுச்சொல் மாற்றத்தையும் நேரத்தையும் முதன்மையாகக் காத்தல், பகுதிகளிடையே உள்ள சுட்டுகளைக் காத்தல் என்பன அவை. இவற்றைப் பழைய சேவையகம் உயிரோடிருக்கும்பொழுதே முறைப்படி புதியதன் கையில் ஒப்படைக்கவேண்டும். பழையது அழிந்துபோன இடத்து மட்டுமே வலிந்து கைப்பற்றலாம். அங்ஙனம் கைப்பற்றியபின் பழையதை மீண்டும் வலையில் இணைத்தல் கூடாது. ஒரு பதவிக்கு இருவர் உரிமை கொண்டாடினால் ஊர் என்னாகும்?

இவற்றுள் நேரத்தைக் காத்தல் சிறு செய்திபோல் தோன்றும். ஆயினும், நுழைவோரை அறிந்து விடுக்கும் கெர்பரோஸ் என்னும் முறை, இரு கணினிகளின் கடிகாரம் ஐந்து நிமிடத்திற்கு மேல் வேறுபட்டால் நுழைவை மறுத்துவிடும். ஆகவே, பொறுப்பேற்ற புதிய சேவையகம் நம்பத்தகுந்த இடத்திலிருந்து நேரத்தைப் பெறுமாறு அமைத்தல் வேண்டும். நம் நாட்டின் பொது நேரத்தைப் புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் காத்து வருகின்றது.

பழையதை விடுவித்தல்

பொறுப்பு மாறியவுடன் பழைய கணினியைக் கழற்றி எறிய விரைவோர் உளர். அதுவே பெருந்தவறு. பழைய சேவையகத்தின் முகவரியை யார் யாரோ குறித்து வைத்திருப்பர். அச்சுப்பொறியில் அது கையால் எழுதப்பட்டிருக்கும். வருகைப் பதிவுக் கருவியில் இருக்கும். பல்லாண்டுகளுக்குமுன் ஒருவர் அமைத்துச் சென்ற மருந்துக் கணக்கு மென்பொருளினுள் மறைந்திருக்கும். தானாக முகவரி பெறும் கணினிகள் எளிதில் மாறிக்கொள்ளும்; கையால் எழுதப்பட்டவை மாறா. ஊரில் அலுவலகம் புதிய தெருவிற்குச் சென்றபின்னும், முதியோர் சிலர் பழைய வாயிலில் வந்து நிற்றல்போல் அவை பழைய முகவரியிலேயே வந்து நிற்கும்.

ஆதலின், பழையதை நீக்காமல், சில நாட்கள் நிறுத்தி மட்டும் வைத்து, எங்கெங்கே முறையீடு எழுகின்றது என்று காணவேண்டும். மாதச் சம்பளக் கணக்கு, தேர்வுப் பதிவு முதலிய, இடையிடையே நிகழும் பணிகளும் ஒருமுறை நிகழ்ந்து முடிதல் நலம். குறைகளைத் தீர்த்தபின் பழையதை மீண்டும் இயக்கி, இருவரும் ஒத்துள்ளமை கண்டு, முறைப்படி அதன் ஏட்டுப் பதவியை நீக்கி விடை கொடுக்கவேண்டும். அவ்வாறன்றிக் கழற்றி எறிந்தால், இல்லாத சேவையகத்தின் பெயர் ஏட்டில் நின்று மற்றவற்றைக் குழப்பும். எல்லாம் முடிந்தபின்னரே செயல்நிலையை உயர்த்துதல் வேண்டும்.

திறமூலப் பெயரேட்டிற்கும் இவ்வொழுக்கம் பொருந்தும். ஓப்பன் எல்டாப் மென்பொருளின் 2.5 ஆம் பதிப்பு 2021 இல் வந்தபொழுது, ஏட்டைச் சேமிக்கும் பழைய முறைகள் இரண்டு நீக்கப்பெற்றன. புதியதை நிறுவுமுன், பழைய மென்பொருளைக்கொண்டே ஏட்டை எல்டிஃப் என்னும் எழுத்துக் கோப்பாக வெளியே எடுத்தவர் பிழைத்தனர். அதனைப் புதியதில் சேர்த்து மகிழ்ந்தனர். எடுக்காமல் புதியதை நிறுவியவர் முன் பழைய ஏடு இருந்தது. ஆனால் புதிய மென்பொருளுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை. பழைய மொழி அறிந்தவர் இருக்கும்பொழுதே பழைய ஏட்டைப் படித்துக்கொள்ளல் வேண்டும் என்னும் உண்மை ஓலைக்கும் கணினிக்கும் பொதுவாகும்.

முடிவுரை

மைய அரசின் ஊழியர் ஏறத்தாழ 12 இலட்சம் பேரின் மின்னஞ்சல் கணக்குகள், 2025 ஆம் ஆண்டிற்குள் தேசியத் தகவல் மையத்தின் பழைய அமைப்பிலிருந்து ஸோஹோ நிறுவனத்தின் அமைப்பிற்கு மாற்றப்பெற்றன. அரசின் பெயர் தாங்கிய முகவரிகள் முன்போலவே இருந்தன. அவற்றைத் தாங்கிய அமைப்பு மட்டுமே மாறியது. 1956 இல் செங்கோட்டையில் நிகழ்ந்ததும் அத்தகையதே. பெயர் நிலைக்க, ஏடு மாறும்.

மாற்றம் நன்றாக நிகழ்ந்த இடத்தில் அதனைச் செய்தவரை ஒருவரும் அறியார். திங்கட்கிழமை காலை செவிலியர் வந்து கணினியைத் திறப்பார். அது வழக்கம்போல் திறக்கும். அவர் நோயாளியை நாடிச் செல்வார். வெள்ளி இரவு முதல் கண்விழித்து ஒப்புநோக்கிய பொறியாளரின் பெயர் எங்கும் எழுதப்படுவதில்லை. படியெடுத்தவர் பலரின் பெயரும் ஓலையில் இல்லை. ஆயினும் நூல் நம் கையில் உள்ளது. மாணவர்களே! முன் ஆராய்தல், காப்புப்படி வைத்தல், ஒப்புநோக்குதல், பொறுத்திருத்தல், முறைப்படி விடை கொடுத்தல் ஆகிய இவ்வைந்தையும் எத்தொழிலை மேற்கொள்ளினும் நெஞ்சிற் கொள்ளுங்கள். புதியதை ஏற்க அஞ்சாதீர்கள். புதியது நிலைபெறுமுன் பழையதைக் கைவிடாதீர்கள்.

பயிற்சி

1. ஏடு காப்போரின் பொறுப்பு மிகப் பெரிது என்று ஆசிரியர் கூறுவதற்குக் காரணம் யாது?
2. நூறு கணினிகளிலும் தனித்தனியே பெயர் எழுதி வைப்பதால் விளையும் இடர் யாது?
3. செங்கோட்டை–புனலூர் இருப்புப்பாதை மாற்றத்திற்கும் பெயரேட்டு மாற்றத்திற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குக.
4. 2012 ஆர்2 சேவையகத்தைக் கொண்டோர் 2025 ஆம் பதிப்பிற்கு நேரே செல்ல இயலாமைக்குக் காரணம் கூறுக.
5. 180 நாட்களுக்கு மேற்பட்ட காப்புப்படியை மீட்டல் ஏன் ஆகாது?
6. பழைய சேவையகத்தை உடனே கழற்றி எறிவதால் நேரும் குறைகளை ஒரு பக்க அளவில் எழுதுக.
7. உங்கள் பள்ளியின் வருகைப் பதிவேட்டைப் புதிய ஏட்டிற்கு மாற்றவேண்டுமாயின், நீங்கள் மேற்கொள்ளும் முறையை வரிசைப்படுத்துக.